தொடையிடுக்கில் நெறி கட்டினால் பாதத்தைப் பாருங்கள்

ஐப்பசி மழை பிடித்துவிட்டால் பதுளை மாவட்டத்துக் கொஸ்லந்தவைச் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்து எங்கள் வைத்தியசாலைக்கு வருகிறவர்களில் பலர் ஒரே முறைப்பாட்டோடு வருவார்கள். "தொடையிடுக்குல நெறி கட்டியிருக்குங்க ஐயா. ராத்திரி முழுக்கக் கூதல்." பெரும்பாலும் கொழுந்து எடுக்கும் பெண்கள். அப்படி வந்த ஓர் அம்மா மூன்று நாளாக நெறியின்மேல் சுண்ணாம்பைக் குழைத்துப் பூசியிருந்தார். அந்த இடத்துத் தோல் வெந்து உரிந்திருந்தது. நெறி இறங்கவில்லை. காலைக் காட்டச் சொன்னபோது, "காலுல ஒன்னுமில்லைங்க" என்றார். சேறு போகக் கழுவிப் பார்த்தோம். இடது பாதத்தின் கடைசி இரு விரல்களுக்கு நடுவே தோல் வெளுத்து, ஊறி, வெடித்திருந்தது. அங்கிருந்து புறங்காலில் பரவிய சிவப்பு, கணுக்காலைத் தாண்டி மெல்லிய கோடாக முழங்காலின் உட்புறம் வரை ஏறியிருந்தது.

புண் இருந்தது விரலிடுக்கில். மருந்து போட்டது தொடையிடுக்கில். இந்தத் தவறைச் செய்தவர் அவர் மட்டுமல்லர். படித்தவர்களும் செய்கிறார்கள். வலிக்கிற இடத்தில்தான் நோய் இருக்கும் என்று நினைப்பது இயல்பு. விரலிடுக்கையும் தொடையிடுக்கையும் இணைக்கும் வழி ஒன்று உடம்புக்குள் இருக்கிறது. அதை அறிந்தவர்கள் நெறியைக் கண்டு பயப்படமாட்டார்கள். அதே சமயம் அலட்சியமாகவும் இருக்கமாட்டார்கள்.

உடம்பில் இரத்தம் ஓடுவது எல்லோருக்கும் தெரியும். அதற்குப் பக்கத்திலேயே இன்னொரு நீரும் ஓடுகிறது. அதன் பெயர் நிணநீர் (திசுக்களின் இடைவெளியிலிருந்து வடிந்து சேரும் தெளிந்த நீர்). இதயம் தள்ளும் இரத்தம் மயிரிழையைவிட மெல்லிய நுண்குழாய்களுக்கு வந்து சேரும்போது, அதன் நீர்ப்பகுதியில் கொஞ்சம் சுவர் வழியே கசிந்து தசைக்கும் தோலுக்கும் ஊட்டம் கொடுக்கிறது. கசிந்தது முழுவதும் நேராக இரத்தக் குழாய்க்குத் திரும்புவதில்லை. நாளொன்றுக்கு ஏறத்தாழ 2 முதல் 3 லீற்றர் வரை நிணநாளங்கள் (நிணநீர் ஓடும் மெல்லிய குழாய்கள்) வழியே சுற்றி வந்துதான் இரத்தத்தில் சேருகிறது. நம் உடம்பில் ஓடும் இரத்தமே சுமார் 5 லீற்றர்தான். இந்த வடிகால் ஒரு நாள் நின்றுபோனால் என்ன ஆகும் என்பதை இந்தக் கணக்கிலிருந்தே ஊகித்துக்கொள்ளலாம்.

கான் வெட்டியவர்களுக்கு இதை விளக்க அதிகம் பேச வேண்டியதில்லை. மலையில் பெய்யும் மழையில் தேயிலை வேர் குடித்தது போக மிச்சத்தைச் சரிவுக்குக் குறுக்கே வெட்டிய கான்தான் வாங்கி வெளியே விடுகிறது. நல்ல கானுக்குள் இடைவிட்டுக் குழி தோண்டியிருப்பார்கள். அடித்து வரும் மண் அதில் தங்கும். நீர் மட்டும் தாண்டிப் போகும். நிணநாளங்கள் அந்தக் கான்கள். நிணநீர்க்கணுக்கள் (நெறி கட்டும்போது கைக்குத் தட்டுப்படும் சிறு முடிச்சுகள்) அந்தக் குழிகள். நீருக்கு வழியில்லாத மலை என்ன செய்யும் என்பதை 2014 ஒக்டோபர் 29 அன்று மீரியபெத்தை மண்சரிவில் கண்ட மக்களிடம் அதை ஓர் உவமையாகச் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. கானோடு நிறுத்திக்கொள்கிறேன்.

இரத்தத்துக்கு இதயம் இருப்பதுபோல நிணநீரைத் தள்ள மனிதனுக்குத் தனியான ஓர் உறுப்பு இல்லை. நிணநாளங்களின் சுவரே மெல்லச் சுருங்கி விரிந்து நீரைத் தள்ளுகிறது. உள்ளே இருக்கும் ஒருவழிக் கதவுகள் தள்ளிய நீரைத் திரும்ப விடுவதில்லை. நடக்கும்போது கெண்டைக்கால் தசை பிழிகிறது. மூச்சை இழுக்கும்போது மார்பு உறிஞ்சுகிறது. நாள் முழுக்க ஒரே இடத்தில் நின்றால் மாலையில் கால் கனப்பதற்கு இதுவும் ஒரு காரணம். இரண்டு காலிலிருந்தும் வயிற்றிலிருந்தும் வரும் நிணநீர் முதுகெலும்பை ஒட்டி மேலேறும் மார்பு நிணநாளம் (ஏறத்தாழ 40 சென்ரிமீற்றர் நீளமுள்ள பெரிய வடிகுழாய்) வழியே போய், இடது காறை எலும்புக்குப் பின்னால் பெரிய இரத்தக் குழாயில் கலக்கிறது. இடது கையும் தலையின் இடப்பக்கமும் அங்கேயே வடிகின்றன. வலது கைக்கும் தலை, மார்பின் வலப்பக்கத்துக்கும் வலப்புறம் தனி வழி உண்டு. குடலிலிருந்து கொழுப்பைச் சுமந்து வருவதும் நிணநீரின் வேலைதான். 1622இல் இத்தாலிய மருத்துவர் கஸ்பாரே அசெல்லி, சாப்பிட்டுச் சிறிது நேரமே ஆன நாயொன்றை அறுத்துப் பார்த்தபோது குடலைச் சுற்றிப் பால் நிற நூல்களைக் கண்டார். நிணநாளங்களைப் பற்றிய ஆராய்ச்சி அங்கிருந்துதான் சூடுபிடித்தது.

இனி நெறிக்கு வருவோம். உடம்பில் 500 முதல் 800 வரை நிணநீர்க்கணுக்கள் உண்டு. அவற்றில் பெரும் பங்கு ஆழத்தில், விரலுக்கு எட்டாமல் இருக்கிறது. கழுத்து, அக்குள், தொடையிடுக்கு ஆகிய மூன்று இடங்களில்தான் பெரும்பாலும் தோலுக்குக் கீழே தட்டுப்படும். ஒவ்வொரு கணுவும் வெள்ளணுக்கள் (கிருமியை எதிர்க்கும் இரத்த அணுக்கள்) நிறைந்த ஒரு காவல் நிலையம். விரலிடுக்கில் புகுந்த கிருமி நிணநீரோடு மேலே வரும்போது கணு அதைப் பிடித்து நிறுத்துகிறது. அதை எதிர்க்க உள்ளே வெள்ளணுக்கள் பெருகுகின்றன; கணு வீங்குகிறது; அதன் உறை இழுபடுவதால் வலிக்கிறது. ஆகவே வலிக்கும் நெறி என்பது காவல் வேலை நடக்கிறது என்பதற்கான அறிகுறி. அதை அழுத்திக் கரைக்கவோ சுட்டு அடக்கவோ வேண்டிய தேவை இல்லை. அது எந்தப் பகுதியைக் காவல் காக்கிறதோ அந்தப் பகுதியில் புண்ணைத் தேட வேண்டும்.

எந்தக் கணு எந்தப் பகுதிக்கு? தொடையிடுக்கில் என்றால் பாதம், கால், பிட்டம், பிறப்புறுப்பு, தொப்புளுக்குக் கீழுள்ள தோல். அக்குளில் என்றால் அந்தப் பக்கத்துக் கை, மார்பு, முதுகின் மேற்பகுதி. தாடைக்குக் கீழே என்றால் பல், ஈறு, நாக்கு, தொண்டை. காதுக்குப் பின்னாலும் பிடரியிலும் என்றால் தலைத்தோல். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குப் பிடரியில் சிறு நெறிகள் இருப்பதைக் கண்டு தாய்மார் பதறி வருகிறார்கள். பெரும்பாலும் பேனும், பேன் கடிக்குச் சொறிந்த புண்ணும்தான் காரணம். பேனை ஒழித்துப் புண் ஆறினால் நெறியும் சில வாரங்களில் அடங்கும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். செருப்பில்லாமல் மலையேறி இறங்கிப் பழகியவர்களின் தொடையிடுக்கில் கடலை அளவில், வலியில்லாமல், விரலுக்கு நழுவும் இரண்டு மூன்று கணுக்கள் எப்போதும் இருக்கும். பல ஆண்டுகளாகப் பட்ட சின்னச் சின்னக் காயங்களின் மிச்சம் அவை. குளிக்கும்போது தற்செயலாக அவற்றைத் தொட்டுவிட்டு இரவெல்லாம் விழித்திருக்க வேண்டாம். அளவு மாறாமல் இருக்கும்வரை அவற்றால் தீங்கில்லை.

நம் மலைகளில் கிருமிக்குக் கதவு திறந்துவிடுவது பெரும்பாலும் மூன்று: அட்டைக்கடி, கவ்வாத்துக் குச்சி, சேற்றுப்புண்.

இலங்கையின் பழைய பெயரையே தன் விஞ்ஞானப் பெயரில் சுமக்கும் தரையட்டை (ஹீமாடிப்சா சைலானிக்கா) கடிக்கும்போது வலிப்பதில்லை. இரத்தம் உறையாமல் இருக்க ஒரு பொருளை அது காயத்துக்குள் விடுவதால், விழுந்த பிறகும் நெடுநேரம் கசியும். கடியால் வரும் கெடுதல் குறைவு. பிறகு வரும் அரிப்பும், சேறு படிந்த நகத்தால் சொறிவதும்தான் கெடுதல். அட்டையைக் கண்டதும் உப்பு, சுண்ணாம்பு, புகையிலைச் சாறு, நெருப்பு என்று வைப்பது வழக்கம். அப்படிச் செய்தால் அது தன் குடலில் உள்ளதைக் காயத்துக்குள் கக்கிவிட்டு விழக்கூடும். மெல்லிய முனைதான் வாய்ப்பக்கம். அந்த முனைக்குப் பக்கத்தில் தோலை ஒட்டி நகத்தை வைத்துப் பக்கவாட்டில் தள்ளுங்கள். பிடி விட்டதும் தடித்த முனையையும் அதேபோல் விடுவியுங்கள். சவர்க்காரம் போட்டுக் கழுவி, சுத்தமான துணியால் பத்துப் பதினைந்து நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். இடையில் எடுத்து எடுத்துப் பார்த்தால் கசிவு நிற்காது.

கவ்வாத்து முடிந்த மலையில் நடப்பவர்களுக்கு வெட்டிய குச்சியின் கூர் தெரியும். அது செருப்பையும் துளைக்கும். ஆழமாகக் குத்திய காயம் மேலே மூடிக்கொண்டு உள்ளே சீழ் வைக்கும். அத்தகைய காயத்துக்கு ஏற்புவலி (தசைகள் இறுகி உயிரைப் பறிக்கக்கூடிய நோய்) தடுப்பூசி தேவையா என்பதை அன்றைக்கே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கடைசியாக எப்போது போட்டீர்கள் என்று நாங்கள் கேட்போம். கர்ப்ப காலத்தில் போட்டது நினைவிருந்தால் அதையும் சொல்லுங்கள்.

சேற்றுப்புண்ணை யாரும் புண்ணாகவே மதிப்பதில்லை. ஈரச் சப்பாத்துக்குள் நாள் முழுக்க ஊறிய விரலிடுக்கில் பூஞ்சணம் வளர்ந்து தோல் வெடிக்கிறது. அந்த வெடிப்பு வழியாகத்தான் பக்டீரியா உள்ளே புகுகிறது. காலில் திரும்பத் திரும்பச் சிவந்து வீங்கிக் காய்ச்சல் வருகிறது என்று சொல்லும் நோயாளிகளின் விரலிடுக்கைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

காய்ச்சலும் நெறியும் இருக்கின்றன. எங்கே தேடியும் புண் கிடைக்கவில்லை. அக்குளிலோ தொடையிலோ முழங்காலுக்குப் பின்னாலோ சிகரெட்டால் சுட்டதுபோல ஒரு கறுத்த பொருக்கு மட்டும் தெரிகிறது என்றால், அதை மருத்துவரிடம் கட்டாயம் காட்டுங்கள். உண்ணி போன்ற சிற்றுயிர்களின் கடியால் வரும் உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். அதற்கான மருந்து வேறு. வழக்கமாகப் புண்ணுக்குக் கொடுக்கும் மருந்து அதில் வேலை செய்யாது.

இனி, எப்போது வீட்டில் பார்த்துக்கொள்ளலாம், எப்போது கிளம்ப வேண்டும் என்று பார்ப்போம். சிறு காயம், ஒரு சிறு நெறி, காய்ச்சல் இல்லை என்றால் புண்ணைச் சவர்க்காரமும் ஓடும் தண்ணீரும் கொண்டு நாளுக்கு இரு முறை கழுவி, ஒற்றி உலர்த்தி, சுத்தமான துணியால் மூடி வைத்தாலே போதும். இரண்டு மூன்று நாளில் வலி குறையத் தொடங்கும். நெறி முழுவதும் அடங்க இரண்டு மூன்று வாரம் எடுக்கலாம். புண் ஆறிய பிறகும் நெறி இருக்கிறதே என்று தினமும் பிசைந்து பார்த்தால் அது வலித்துக்கொண்டேதான் இருக்கும்.

புண்ணைச் சுற்றிச் சிவப்புப் பரவினால், தொட்டால் சுட்டால், சிவப்புக் கோடு மேலேறினால், கூதலோடு காய்ச்சல் வந்தால் அன்றைக்கே வைத்தியசாலைக்கு வாருங்கள். கோடாக ஏறுவது நிணநாள அழற்சி (நிணநாளத்தின் வழியே தொற்று ஏறுவது). தோலின் ஆழத்தில் பரவுவது தோலடித் தொற்று. இரண்டுக்கும் அன்டிபயோட்டிக் (பக்டீரியாவைக் கொல்லும் மருந்து) தேவை. கொஸ்லந்த வைத்தியசாலையிலேயே மருத்துவம் தொடங்கிவிடலாம். தேவைப்பட்டால் அங்கிருந்து தியத்தலாவைக்கோ பதுளைக்கோ அனுப்புவார்கள். சீனி வருத்தம் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள், நீண்ட நாள் ஸ்டீரொயிட் மாத்திரை எடுப்பவர்கள் கோடு ஏறும்வரை காத்திருக்கவே கூடாது.

தோல் கறுத்தோ ஊதா நிறமாகவோ மாறுதல், நீர்க்கொப்புளம், பார்வைக்குத் தெரிவதைவிடப் பல மடங்கு வலி, வேகமான மூச்சு, பிதற்றல், சிறுநீர் குறைதல் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் இரவு என்று பார்க்காதீர்கள். 1990க்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸுக்குக் கட்டணம் கிடையாது. லயத்துக்கு வண்டி வர முடியாத பாதை என்றால் வண்டி வரக்கூடிய இடத்தைப் பேசி வைத்துக்கொண்டு நோயாளியைத் தூக்கி வாருங்கள். நடக்க விடாதீர்கள்.

ஓர் எளிய காரியம் சொல்கிறேன். சிவப்பின் விளிம்பைச் சுற்றிச் சாதாரணப் போல்பொயிண்ட் பேனையால் ஒரு கோடு வரைந்து, பக்கத்தில் நேரத்தை எழுதுங்கள். மருந்து தொடங்கி முதல் 24 மணி நேரத்தில் சிவப்பு கோட்டைக் கொஞ்சம் தாண்டினாலும் பயப்பட வேண்டாம். 48 மணி நேரம் கழித்தும் தாண்டிக்கொண்டே போனாலும், காய்ச்சல் விடாவிட்டாலும் திரும்பி வாருங்கள். "கூடியிருக்கா, குறைஞ்சிருக்கா" என்று வீட்டில் நாலு பேர் நாலு விதமாகச் சொல்வதைவிட அந்தக் கோட்டை நம்பலாம்.

காலை இடுப்பைவிட உயரத்தில் வைத்துப் படுங்கள். இரண்டு தலையணையோ மடித்த கம்பளியோ போதும். கான் பள்ளத்தை நோக்கித்தானே ஓடும். காய்ச்சலுக்கும் வலிக்கும் பரசிற்றமோல் மட்டும் எடுங்கள். டெங்கு இல்லை என்று உறுதியாகும்வரை அஸ்பிரின், டைகுளோபெனாக், இப்யூபுரோபன் வேண்டாம். அவை இரத்தக்கசிவைக் கூட்டும். பெனிசிலின் முன்பு ஒவ்வாமல் போயிருந்தால் அதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். கொடுத்த நாள் கணக்குக்கு மருந்தைக் குடித்து முடியுங்கள். இரண்டாம் நாள் காய்ச்சல் விட்டதும் மிச்ச மாத்திரையைத் தகரப்பெட்டியில் பத்திரப்படுத்தி, அடுத்த முறை அக்கா மகளுக்குக் கொடுக்கும் வழக்கத்தை நான் பல லயங்களில் பார்த்திருக்கிறேன். அன்பால் செய்வதுதான். ஆனால் இவருக்கு நோய் அரைகுறையாக நிற்கிறது. அவருக்கோ நோய் எதுவென்றே தெரியாமல் அரைகுறை மருந்து போகிறது.

சுண்ணாம்பு தோலைச் சுடும். புண் ஒன்று இருந்த இடத்தில் இரண்டாகும். சூடு போடுவதும் அப்படியே. எண்ணெய் தடவிச் சிவப்புக் கோட்டை மேல்நோக்கி உருவி விடுவது மிகவும் ஆபத்து. தேங்கி நிற்கும் கிருமியை நாமே தள்ளி இரத்தத்துக்கு அனுப்புவதாகிவிடும். நெறி பழுத்துவிட்டதென்று சவர அலகால் கீறுகிறவர்கள் இருக்கிறார்கள். தொடையிடுக்கில் கணுவுக்கு அருகிலேயே காலின் பெரிய இரத்தக் குழாய்கள் ஓடுகின்றன. சீழ் கட்டியிருந்தால் ஸ்கான் பார்த்து, மரக்கச் செய்து, மருத்துவர் எடுப்பார். மந்திரித்த கயிற்றைக் கையில் தளர்வாகக் கட்டிக்கொள்வதில் எனக்கு மறுப்பில்லை. அது அவரவர் நம்பிக்கை. விஷம் ஏறாமல் இருக்கத் தொடையில் இறுக்கிக் கட்டுவதை மட்டும் விட்டுவிடுங்கள். வடிய வேண்டிய நீர் அங்கேயே தேங்கி வீக்கம் இரட்டிப்பாகும்.

தொற்று ஒரு முறை வந்து போனால் நிணநாளங்கள் பெரும்பாலும் பழையபடி ஆகிவிடும். ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை வந்தால் ஒவ்வொரு முறையும் சில நாளங்கள் தழும்பாகி அடைபடும். வடிகால் குறைந்த கால் அடுத்த தொற்றுக்கு இன்னும் எளிதாக இடங்கொடுக்கும். இப்படியே போய்க் கால் நிரந்தரமாகப் பருத்துப்போவதை நிணநீர் வீக்கம் என்கிறோம். தொடக்கத்தில் மாலையில் வீங்கி, இரவு படுத்தால் வற்றும். பிறகு வற்றுவது குறையும். தோல் தடித்து, விரல்களின் மேல் பருப்பருவாக வரும். நீங்களே ஒன்று செய்து பார்க்கலாம்: கால் பெருவிரலுக்கு அடுத்த விரலின் அடியில் மேற்புறத் தோலை இரு விரலால் கிள்ளித் தூக்கிப் பாருங்கள். மடிப்பாக எழுந்தால் நல்லது. தடித்துப்போய் மடிப்பே எழவில்லை என்றால் நிணநீர் வீக்கமாக இருக்க வாய்ப்புண்டு, காட்டிவிடுங்கள்.

கால் வீங்கினாலே நிணநீர்க் கோளாறு என்று முடிவு கட்டிவிடவும் கூடாது. இரண்டு காலும் ஒருசேர வீங்கினால் இதயம், சிறுநீரகம், ஈரல், இரத்தத்தில் புரதக்குறைவு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். கர்ப்பிணிக்கு வீக்கத்தோடு தலையிடி, கண் மங்கல் வந்தால் அன்றே வைத்தியசாலை. ஒரு கால் மட்டும் திடீரென வீங்கிக் கெண்டைக்கால் வலித்தால் ஆழத்து இரத்தக் குழாயில் இரத்தம் உறைந்திருக்கலாம்; அதுவும் அவசரம். பக்கத்து வீட்டுக்காரருக்கு எழுதிக் கொடுத்த நீர் மாத்திரையை வாங்கிக் குடிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அந்த மாத்திரை உடம்பிலுள்ள நீரையும் உப்பையும் சிறுநீராக வெளியேற்றும். அடைபட்ட நிணநாளத்தை அது திறக்காது.

நாட்பட்ட நிணநீர் வீக்கத்தை முற்றாக மாற்றும் மருந்து இல்லை. ஆனால் கூடாமல் நிறுத்தலாம், ஓரளவு குறைக்கலாம். நாள்தோறும் இரவில் காலைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். ஒவ்வொரு விரலிடுக்கையும் துணியின் நுனியால் ஈரமில்லாமல் துடையுங்கள். இந்தக் கடைசி வேலைக்கு இரண்டு நிமிடம் போதும். எல்லாவற்றிலும் அதிகப் பலன் தருவதும் அதுதான். பூஞ்சணம் இருந்தால் அதற்கான களிம்பு. தோல் வறண்டிருந்தால் மேலே மட்டும் எண்ணெய், விரலிடுக்கில் வேண்டாம். உட்கார்ந்திருக்கும்போது கணுக்காலை மேலும் கீழும் அசையுங்கள். படுக்கும்போது கால் உயரட்டும். இறுக்கு கட்டு, இறுக்கு காலுறை நல்ல பலன் தரும். ஆனால் காலின் இரத்த ஓட்டத்தைச் சோதித்த பிறகுதான் போட வேண்டும். தொற்று அடிக்கடி வருகிறவர்களுக்கு நீண்ட காலம் தடுப்பு மருந்து கொடுப்பதும் உண்டு. ரப்பர் சப்பாத்துப் போடுகிறவர்கள் இரண்டு சோடி காலுறை வைத்துக்கொண்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்காரும்போது மாற்றிக்கொள்ளுங்கள். எதியோப்பிய மலைநாட்டில் எரிமலைச் செம்மண்ணில் வெறுங்காலோடு உழும் விவசாயிகளுக்குக் கால் பருத்துப்போகும் நோய் ஒன்று உண்டு. புழுவும் இல்லை, கொசுவும் இல்லை. மண்ணின் நுண்துகளே காரணம். சிறுவயதிலிருந்து சப்பாத்துப் போட்டுக் காலைக் கழுவி வந்தால் அந்த நோய் வருவதே இல்லை.

"யானைக்காலாங்க ஐயா?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள். கேள்விக்குப் பின்னால் மகளின் கலியாணம் வரை கவலை இருக்கும். யானைக்கால் நோயைத் தருவது அசுத்த நீரில் பெருகும் ஒருவகைக் கொசு பரப்பும் நுண்புழு. அது நிணநாளங்களுக்குள் குடியிருந்து அவற்றைக் கெடுக்கிறது. இலங்கையில் அது மேல், தென், வடமேல் மாகாணங்களின் 8 மாவட்டங்களில்தான் நிலைத்திருந்தது. பதுளை மாவட்டம் அவற்றில் இல்லை. 1947இல் தொடங்கிய யானைக்கால் தடுப்பு இயக்கமும், 2002 முதல் 2006 வரை அந்த மாவட்டங்களில் ஆண்டுதோறும் எல்லோருக்கும் கொடுத்த மாத்திரையும் பலன் தந்தன. பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து அந்நோய் இங்கு ஒழிந்துவிட்டதென 2016இல் உலக சுகாதார நிறுவனம் உறுதிப்படுத்தியது. ஆகவே பூனாகலை போன்ற நம் தோட்டப் பகுதியை விட்டு வெளியே வாழாத ஒருவரின் வீங்கிய காலுக்கு யானைக்கால் புழு காரணமாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. கொழும்புக் கடைகளிலும் காலிப் பக்கத்திலும் ஆண்டுக்கணக்கில் வேலை செய்து திரும்பிய பிள்ளைகளுக்குக் கால் வீங்கினால் அதை மருத்துவரிடம் சொல்லுங்கள். இரவில் எடுக்கும் இரத்தத்தில் அந்தப் புழுவின் குஞ்சுகளைத் தேடிப் பார்க்க முடியும். தொட்டாலோ சேர்ந்து சாப்பிட்டாலோ அந்நோய் ஒட்டாது.

வலிக்கும் நெறியைப் பற்றி இவ்வளவு சொன்னேன். நான் அதிகம் அஞ்சுவது வலிக்காத நெறிக்குத்தான். வலி இல்லாததால் யாரும் அதைக் காட்ட வருவதில்லை. நான்கு வாரம் தாண்டியும் குறையாத நெறி, கல்போல் இறுகி அசையாமல் ஒட்டிக்கொண்ட நெறி, காறை எலும்புக்கு மேலே எந்த அளவில் இருந்தாலும் ஒரு நெறி, நெறியோடு எடை குறைதல், இரவில் உடுப்பு நனையும்படி வியர்த்தல் ஆகியவற்றைக் காட்டத் தாமதிக்கக் கூடாது. கழுத்தில் ஒன்றோடொன்று ஒட்டி மாலைபோல் வரிசையாக வரும் நெறிகளைப் பழைய வைத்தியத்தில் கண்டமாலை என்றார்கள். அது பெரும்பாலும் சயரோகம் (காசநோய்). இருமல் இல்லாமலும் வரும். பதுளை மார்பு நோய்ச் சிகிச்சை நிலையத்தில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். வழக்கமாக 6 மாதம் மருந்து குடித்தால் குணமாகும்.

வெற்றிலை போடுகிறவர்கள் இந்தப் பந்தியைக் கொஞ்சம் நின்று வாசியுங்கள். இலங்கை ஆண்களிடம் அதிகம் காணப்படும் புற்றுநோய் வாய்ப்புற்றுநோய். வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை போடும் பெண்களுக்கும் அது வருகிறது. கன்னத்தின் உட்புறத்தில் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, வாயைப் பழையபடி திறக்க முடியாமை முதலியவை முன்பே வரும். தாடைக்குக் கீழே வலியில்லாத நெறி கட்டும்போது நோய் நிணநாளம் வழியே ஒரு படி ஏறிவிட்டது என்று பொருள். மூன்று வாரத்துக்கு மேல் ஆறாத வாய்ப்புண்ணை நெறி கட்டும்வரை வைத்திருக்காதீர்கள். அதுபோல மார்பில் கட்டியோ அக்குளில் வலியில்லாத நெறியோ தட்டுப்பட்ட பெண்கள் குடும்பநல மருத்துவ மாதுவிடமாவது அன்றே சொல்லுங்கள்.

மார்புப் புற்றுநோய்க்கு அக்குள் கணுக்களை எடுத்த பிறகு சிலருக்கு அந்தக் கை வீங்கும். வடிகால் குறைந்த கை அது. கையை அசைக்காமல் பொத்தி வைக்காதீர்கள். சொல்லிக் கொடுத்த பயிற்சியைச் செய்யுங்கள். கொழுந்து எடுக்கத் திரும்புகிறவர்கள் அந்தக் கைக்கு முழு நீளச் சட்டை போடுங்கள். கீறலை உடனே கழுவுங்கள். நிறைந்த கூடையை அந்தக் கையால் தூக்காதீர்கள். கை கனக்கத் தொடங்கும்போதே வந்தால் இறுக்கு கட்டு நன்றாக வேலை செய்யும்.

முதலில் சொன்ன அந்த அம்மாவை வார்ட்டில் சேர்த்தோம். ஊசி மருந்து தொடங்கியதும் அவர் கேட்டது ஒன்றுதான்: "நாளைக்கு மலைக்குப் போகலாங்களா?" போகாவிட்டால் பேர் விழாது (அன்றைய வேலை நாள் கணக்கில் சேராது), பேர் விழாவிட்டால் அந்த மாதச் சம்பளத்தில் துண்டு விழும். ஓய்வெடுங்கள் என்று சொல்வது எனக்கு எளிது. அதைக் கேட்கும் வீட்டில் அடுப்பெரிய வேண்டும் என்பதை மறந்துவிட்டு அப்படிச் சொல்லக் கூடாது. அவருக்கு விளக்கியதை உங்களுக்கும் விளக்குகிறேன். முதல் நாளே காலைக் கழுவிக் காட்டியிருந்தால் பெரும்பாலும் மாத்திரையோடும் இரண்டு மூன்று நாள் ஓய்வோடும் முடிந்திருக்கும். சுண்ணாம்பு பூசிக் காத்திருந்த மூன்று நாளும் வலியோடு மலையில் நின்றார்; இப்போது ஒரு வாரப் பேர் போகிறது. மருத்துவச் சான்றிதழ் கேட்டு வாங்குங்கள்; தோட்டத்தில் கொடுங்கள். அதை எழுதித் தருவது எங்கள் கடமை. சப்பாத்தும் காலுறையும் கேட்பது உங்கள் உரிமை.

இரண்டாம் நாள் காலையில் மகள் வந்து போர்வையை விலக்கிப் பார்த்தாள். பேனைக் கோடு முழங்காலின் உட்புறத்தில் அப்படியே இருந்தது. சிவப்பு அதிலிருந்து இரண்டு விரற்கிடை கீழே இறங்கியிருந்தது. நெறி இன்னும் இருந்தது, புளியங்கொட்டை அளவில். "இது எப்ப போகும்?" என்று கேட்டாள். இரண்டு மூன்று வாரம் ஆகும், அழுத்திப் பார்க்காமல் இருந்தால், என்றேன். அவள் தாயின் கால் விரல்களை ஒவ்வொன்றாக விரித்து இடுக்கைத் துடைக்கத் தொடங்கினாள்.